வீடு, குடை, கிளி

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் ஷட்டரைத் தூக்குவதற்குள் தெருமுனையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற கண்ணாடிக்காரர் வந்து நின்றார். மகள் ஏறி ஓட்டுகிற ரோஸ் கலர் பேட்டரிக் காரைத் தலையில் கவிழ்த்துப் பிடித்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தபோது, பொம்மைக்காருக்குக் கால் முளைத்து நடந்து வருகிறது என்றே நினைத்தேன்.

"சார்ஜர்ல பச்சை லைட் எரியுதுங்க. ஃபுல்லுன்னுதானே அர்த்தம்? ஆனா வண்டி அசைய மாட்டேங்குது."

வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். செருகிய உடனே பச்சை எரிந்தால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எதிரே பேட்டரி ஒன்று இருப்பதே சார்ஜருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சிவப்பு எரிந்தால்தான் உள்ளே ஏதோ போகிறது. நான் வாயால் சொன்னால் நம்புவதில்லை, மீட்டரை வைத்துக் காட்டினால் நம்புகிறார்கள். என் முகராசி அப்படி.

சார்ஜர் செருகும் ஓட்டைக்குள் பிஸ்கட். குச்சியால் கிளறக் கிளற வந்துகொண்டே இருந்தது. மகள் பெட்ரோல் போட்டிருக்கிறாள்.

"என்ன பிஸ்கட்னு பாத்து சொல்லுங்க, இனிமே வேற வாங்கறேன்" என்றார். மனிதர் பிழைத்துக்கொள்வார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பிள்ளைகளின் பேட்டரி வண்டிகளைப் பழுதுபார்க்கிற கடை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால், பழைய தண்ணீர் மோட்டார் இருந்த அறை. நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. பள்ளிக்கூடம் இல்லாத நாளானால் பிள்ளைகள் இரண்டும் என்னோடு கீழே வந்துவிடும். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு.

இன்று நாலு செத்த பேட்டரி. வண்டியை மாதக்கணக்கில் அலமாரி மேல் போட்டுவிட்டு, பிறந்தநாளுக்கு முந்தின நாள் இறக்கிப் பார்க்கிற ஆட்கள் இவர்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்பார்கள். எல்லா வண்டியும் நேற்று வரை ஓடியதுதான்.

புதுசு வாங்கிப் போடச் சொல்வதுதான் முறை. ஆனால் செத்ததை எழுப்புவதில் எனக்கு ஒரு திமிர். மேல்மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே ஆறு ரப்பர் குல்லா இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊசி இல்லாத சிரிஞ்சால், அந்த மருந்துக்குழாயால், சுத்தத் தண்ணீர் விட்டு ஊறவைத்து மெதுவாகச் சார்ஜ் ஏற்றினால் சிலது எழுந்து உட்காரும். பன்னிரண்டாவதில் இயற்பியல் என்னை இரண்டு தடவை கீழே தள்ளியது. அதற்குப் பழிவாங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை ஆஸ்பத்திரி விளையாட்டாக ஆக்கியது நான்தான். பேட்டரியெல்லாம் நோயாளிகள். பெரியவள் நர்ஸம்மா. "ஒண்ணாம் நம்பர் படுக்கைக்கு ஊசி போட்டாச்சா சிஸ்டர்?" என்பேன். "போட்டாச்சு டாக்டர், ரொம்ப அழுவுறாரு" என்பாள். சின்னவன் வாட்ச்மேன். வேலை நேரத்தில் தூங்குகிற வாட்ச்மேன்.

மனைவி சாப்பாடு எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"அது ஆசிடுங்க. பிள்ளைங்கள ஏன் பக்கத்துல வெச்சுக்கறீங்க?"

"தண்ணிதான்டி."

"உள்ள போற வரைக்கும் தண்ணி. திரும்ப உறிஞ்சி எடுக்கறப்போ?"

"அப்போ நான்தான் எடுப்பேன். நர்ஸுக்கு அந்த வேலை இல்ல."

பிள்ளைகள் சிரித்தன. அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சின்னவனுடைய வலது கண். மனைவி வேலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். உள்ளே அவன் கத்துகிறான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எங்காவது ஓரிடத்தில் உள்ளபடி இருக்கட்டும்.

ஒரு பேட்டரியில் தண்ணீர் கூடிவிட்டது. கூடினதை மருந்துக்குழாயில் உறிஞ்சி எடுத்தேன். பேட்டரிக்குள் போய் வந்த தண்ணீர் ஆசிட். கண்ணாடி ஜாடியில் விட வேண்டியதுதான் பாக்கி. போன் அடித்தது. ஜீப்பின் சார்ஜர் சுடுகிறது, பயமாக இருக்கிறது என்று ஒரு அம்மா. பிளக்கைப் பிடுங்குங்கள் அம்மா, பிடுங்குங்கள் என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனேன். உள்ளே சிக்னல் கிடைக்காது. குழாயைத் தட்டில் வைத்துவிட்டுப் போனேன். அப்படியே, ஆசிட்டோடு. அவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அக்கறையாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து அலறல்.

பெரியவள் கையில் குழாய். "கண்ணு அரிக்குதுன்னான்பா. மருந்து ஊத்தினேன்."

தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் தலையைப் பிடித்தேன். கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறான். விரலால் பிரித்து விட்டேன். அவன் கத்தின கத்தலில் எனக்குக் கை ஓயவில்லை, மனசு ஓய்ந்துவிட்டது. போதும் என்று தோன்றியது. துண்டால் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். "எவ்வளவு நேரம் கழுவுனீங்க?" சொன்னேன். பையனைத் திரும்பப் படுக்க வைத்து, நான் பாதியில் விட்டதைத் தொடர்ந்தார்.

இன்னும் கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருக்கக் கூடாதா நான்?

"எப்படி ஆச்சு?" என்றார்.

பெரியவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பிடி தெரிந்தது. "பேட்டரி மூடியத் தொறக்கும்போது தெறிச்சிடுச்சும்மா" என்றேன்.

அவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். மனைவி வந்ததும் அவளிடமும் அதையே சொன்னேன். ஒருத்தியையாவது காப்பாற்றினேன் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

கண் போகவில்லை. கருவிழி மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. சுவாசத்தால் மங்கின கண்ணாடி மாதிரி. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. நான் மருந்துப் புட்டியை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். அம்மா விட்டால் விட்டுக்கொள்கிறான்.

பெரியவள் அந்த நேரத்தில் அறையில் இருப்பதில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

மனைவி துணி துவைக்கும்போது என் சனிக்கிழமைச் சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்தாள்.

"தெறிச்சுதுன்னீங்க. ஒரு பொட்டு ஓட்டை கூட இல்ல."

ஆசிட் பட்ட துணி இரண்டு துவைப்பில் பொத்துக்கொள்ளும். என் பழைய சட்டையெல்லாம் சல்லடை. அவளுக்குத் தெரியாததா?

"அவன் பக்கமா தெறிச்சிடுச்சு" என்றேன்.

சட்டையை மடித்து வைத்தாள்.

மார்ச் 8, சனி

கடையைத் திறந்தேன். வேறு வழியில்லை, எனக்கு வேறு எதுவும் தெரியாது. இனி பேட்டரியைத் திறப்பதில்லை. செத்ததென்றால் செத்ததுதான், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன். "எழுப்பித் தருவீங்கன்னு சொன்னாங்களே" என்று ஒருவர் ஏமாற்றத்தோடு போனார்.

இன்று மூன்று சார்ஜர். ஒன்றில் வயர் உள்ளேயே அறுந்திருந்தது, வீட்டு நாய் கடித்தது. இன்னொன்று நல்ல சார்ஜர்தான், ஆனால் வேறு வண்டியுடையது. ஆறு வோல்ட் வண்டிக்குப் பன்னிரண்டு வோல்ட் சார்ஜர். முனை ஒரே அளவு, ஓட்டை ஒரே அளவு. செருகினால் உள்ளே போய்விடும். போகிறதே என்று செருகுகிறார்கள். இனிமேல் ஒவ்வொரு சார்ஜரிலும் காரிலும் ஒரே நிற நாடா ஒட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று இன்றுதான் தோன்றியது. எனக்குத் தோன்றுவதெல்லாம் பிறகுதான் தோன்றும்.

பெரியவள் கடைக்கு வருவதில்லை. கூப்பிட்டால் "வீட்டுப்பாடம் இருக்குப்பா" என்கிறாள். விடுமுறை நாளிலும் இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

நல்ல கண்ணை மூடிக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதை மூடினால்தான் கெட்டது வேலை செய்யுமாம். இந்த வயதில் உபயோகிக்காத கண்ணை மூளை மறந்துவிடும் என்றார் டாக்டரம்மா. அப்புறம் கண்ணைச் சரிசெய்தாலும் மூளை அதைச் சேர்த்துக்கொள்ளாதாம்.

கட்டினதும் நாற்காலியில் முட்டிக்கொண்டான். கதவில் முட்டிக்கொண்டான். அப்புறம் நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

நானும் ஒரு கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு அவன் எதிரே தவழ்ந்தேன், மேசையில் வேண்டுமென்றே முட்டினேன். அவன் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு. திரும்பிப் பார்த்தேன், பெரியவள் எழுந்து போய்விட்டிருந்தாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. நான் வெளியே ஒற்றைக் கண்ணோடு நின்று "நர்ஸம்மா" என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

பரிசோதனை. கண் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கானது. மேலே பெரிதாக ஒரு வீடு. இரண்டாவது வரியில் குடை, கிளி. அப்படியே போகப் போகச் சின்னதாகி, நாலாவது வரியில் பூ, படகு, முயல், மணி. நல்ல கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும்.

வீடு சொன்னான். குடை சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டு அழுதான்.

"மூணு வாரம் பாப்போம்" என்றார் டாக்டரம்மா. "நாலாவது வரி வரைக்கும் வந்துட்டான்னா கத்தி வேணாம். இல்லேன்னா கருவிழி மேல இருக்கறத எடுத்துட்டு வேற வைக்கணும். அதையும் தள்ளிப்போட முடியாது."

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். யோசனை இல்லை எங்களுக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியவள் கேட்டாள்: "கண்ணையே வெட்டுவாங்களாப்பா?"

"சேச்சே. வெங்காயத்துல மேல்தோலு உரிக்கிற மாதிரி."

சிரிப்பாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒரு நல்ல சேதி. பிள்ளைகள் மறுபடி சேர்ந்து விளையாடுகின்றன. எதிரும் புதிருமாக உட்கார்ந்து கையைத் தட்டிக்கொண்டு ஒரு பாட்டு. அக்காக்காரி கட்டினதுபோலிருக்கிறது.

வீடு — குடை கிளி — கப்பு சாவி மீனு — பூ படகு முயலு மணி.

நாள் முழுக்க இதுதான். குளிக்கும்போது, சாப்பிடும்போது, மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தையாக. என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. இன்று கடையில் சார்ஜர் வயரைப் பற்றவைத்துக்கொண்டே சத்தமாகப் பாடினேன். கண்ணாடிக்காரர் வந்து கேட்டுவிட்டு, "என்னங்க, சந்தைக்குப் போறீங்களா?" என்றார்.

ஏப்ரல் 24, வியாழன்

நாலாவது வரி வரைக்கும் சொல்லிவிட்டான்.

எல்லாம் சொல்லிவிட்டான். டாக்டரம்மா சிரித்தார், தோளில் தட்டினார். "நல்ல முன்னேற்றம். ஆபரேஷன் இப்போதைக்கு வேணாம், ஆறு மாசம் கழிச்சு வாங்க. கட்டறதையும் கொறச்சுக்கலாம்" என்றார். மனைவி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் என் கையைப் பிடித்தாள்.

நான் எதற்கு இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே.

ஏப்ரல் 25, வெள்ளி

வேலை ஓடவில்லை.

அவன் சொன்ன விதம். டாக்டரம்மா குச்சியால் காட்டுவதற்கு முன்பே அடுத்தது வாயில் வந்துவிட்டது. வீடு. ஒரு நிறுத்தம். குடை கிளி. ஒரு நிறுத்தம். கப்பு சாவி மீனு. மீன் இல்லை, மீனு. அவன் வலது கை தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் நின்ற பெரியவளின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

அந்தப் பாட்டை நான் பாடியிருக்கிறேன். கடையில் உட்கார்ந்து, சத்தமாக. படத்தை நானும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நேற்று அந்த அறை வரை ஆயிற்று. ஆனால் அறையிலேயே தெரிந்துவிட்டது. "மீனு" என்றபோதே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. மனைவி அழுதுகொண்டிருந்தாள், என் கையைப் பிடித்திருந்தாள். அதை விட மனசு வரவில்லை.

பச்சை விளக்கைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிற ஆள் நான்.

ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் மூளை மறந்துவிடும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சின்னவன் தூங்கினான். பெரியவளைக் கடைக்குக் கூப்பிட்டேன். வீட்டுப்பாடம் என்றாள். "இல்லம்மா, இன்னிக்கு வா" என்றேன். வந்தாள். வாசல் வரைதான் வந்தாள், உள்ளே கால் வைக்கவில்லை. நானும் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

"தம்பிக்கு நீ சொல்லிக் குடுத்தியா?"

செருப்பு நுனியால் படியைச் சுரண்டினாள்.

"அப்பா திட்டமாட்டேன்."

"வெட்டிடுவாங்கப்பா" என்றாள். "நாலாவது வரி சொன்னா வெட்டமாட்டாங்கன்னு அவங்கதான் சொன்னாங்க."

"ஆனா அது பொய்யில்லையாம்மா? அவனுக்குத் தெரியலையே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பார்த்தாளே, அதே பார்வை.

"நீங்களும்தான் சொன்னீங்க. தெறிச்சுதுன்னு. காப்பாத்தறதுக்குச் சொல்லலாம்ல?"

நான் எல்லாவற்றுக்கும் ஏதாவது பதில் வைத்திருக்கிற ஆள். வாடிக்கையாளர், வீட்டுச் சொந்தக்காரர், வாத்தியார், யாராக இருந்தாலும். தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அது முழுசாகத் திரும்பிப் போகும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் சொன்னேன், நான் சொன்னது தப்பு என்று. அந்தக் குழாயில் ஆசிட்டை வைத்துவிட்டுப் போனது நான். அதை மருந்து என்று விளையாடச் சொல்லிக் கொடுத்ததும் நான். நீ மருந்துதான் ஊற்றினாய், அது மருந்தாக இல்லாமல் போனது என்னால் என்று சொன்னேன்.

"அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"சொல்லணும்."

"என்னை அடிப்பாங்களா?"

"என்னை வேணா அடிப்பாங்க."

சிரிக்கவில்லை. சிரிக்க வைக்கவும் நான் அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

மனைவியிடம் சொன்னேன். சமையலறையில் நின்றுகொண்டே, முதலில் பாட்டைப் பற்றி, அப்புறம் மருந்துக்குழாயைப் பற்றி. நடுவில் நிறுத்தினால் மிச்சத்தை விழுங்கிவிடுவேன் என்று தெரியும், அதனால் மூச்சு விடாமல் சொன்னேன்.

கத்துவாள் என்று காத்திருந்தேன். அடுப்பை அணைத்தாள்.

"ரெண்டு மாசமா அவ எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. தம்பிக்கு ஒரு மருந்துகூட எடுத்துத் தரமாட்டேங்கறான்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன் தெரியுமா? கல்லு மனசுடின்னு சொல்லியிருக்கேன்."

"அவள யாரும் எதுவும் சொல்லிடக் கூடாதுன்னுதான்…"

"சொல்லட்டுமே. சொன்னா அழுதிருப்பா. நானும் அழுதிருப்பேன். ஏழு வயசுப் பிள்ளை, அவ்வளவு பெரிய விஷயத்தோட தனியா விட்டுட்டு வந்திருக்கீங்க நீங்க."

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. உள்ளே போய்ப் பெரியவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே போகவில்லை. இரண்டு பேரும் அழுகிற சத்தம் கேட்டது, தம்பியும் எழுந்து காரணம் தெரியாமல் சேர்ந்து அழுதான்.

சட்டியில் வெந்தும் வேகாமலும் இருந்ததை நானே முடித்து எல்லோருக்கும் போட்டேன். உப்பு இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

நாலு பேரும் போனோம். முன்பதிவு இல்லை. டாக்டரம்மாவின் உதவியாளர் "ஆறு மாசம் கழிச்சுதானே உங்களுக்கு?" என்று சலித்துக்கொண்டார். கடைசி ஆளாக உள்ளே விட்டார்.

நான்தான் பேசினேன். முதலில், அது தெறிக்கவில்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். பெரியவளின் தோளில் அவள் அம்மா கை வைத்திருந்தாள். அப்புறம் பாட்டைச் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். கோபம்தான். "இத விளையாட்டா நெனச்சுக்கிட்டீங்களா? நல்ல வேளை இப்பவே வந்தீங்க" என்றார், என்னைப் பார்த்து. சரியான ஆளைப் பார்த்துத்தான் சொன்னார்.

அலமாரியிலிருந்து வேறு அட்டைகளை எடுத்தார். தனித்தனிப் படங்கள். சின்னவனின் நல்ல கண்ணை மூடி, ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

அவன் உற்சாகமாக, "வீடு!" என்றான்.

அட்டையில் இருந்தது யானை.

இன்னொன்று காட்டினார். "குடை கிளி" என்றான். யாரும் ஒன்றும் சொல்லாததைப் பார்த்து அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அக்கா நின்ற பக்கமாகத் தலையைத் திருப்பி, "அக்கா, அடுத்தது என்ன?" என்று கேட்டான்.

அவளுக்கு அட்டை நன்றாகத் தெரிகிற இடம். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எனக்கே தெரியவில்லை எதைச் செய்வதென்று.

"நீயே பாத்து சொல்லுடா" என்றாள்.

அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கழுத்தை நீட்டி, அட்டைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"வெள்ளையா இருக்கு" என்றான்.

மே 12, திங்கள்

பெயர் பதிந்தாயிற்று. கருவிழி கிடைக்க வேண்டுமாம், கிடைத்தால் போன் வரும். யாரோ ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால்தான் எங்களுக்குப் போன் வரும். அதற்காகப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பார்க்கிறோம்.

மே 30, வெள்ளி

கண்ணாடிக்காரர் ரோஸ் காரை எடுத்துக்கொண்டு வந்தார். மகள் வளர்ந்துவிட்டாளாம், முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கிறதாம். "உங்க பையனுக்கு வெச்சுக்கோங்க, ரோஸ் கலர்னு கிண்டல் பண்ணினா நான் வந்து பேசறேன்" என்றார்.

பேட்டரி, சார்ஜர் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஓட்டைக்குள் பிஸ்கட் கூட இல்லை. வாங்கி மூலையில் மூடி வைத்தேன். நல்ல கண்ணை மூடியிருக்கும்போது அவனை வண்டியில் ஏற்ற முடியாது. தூணில் போய் மோதுவான்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று அந்தப் போன் வந்தது. இன்று காலை ஆபரேஷன். முடிந்துவிட்டது. தையல் இருக்கிறது, தேய்க்க விடக் கூடாது. கைகளை யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவன் அம்மா ஒரு கை, அக்கா ஒரு கை.

எனக்குப் பிடிக்கக் கை இல்லை. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

சொட்டு மருந்து இப்போது பெரியவள் விடுகிறாள். யாரும் சொல்லவில்லை. இன்று அம்மா புட்டியை எடுத்தபோது "நான் விடறேன்" என்று கையை நீட்டினாள். விடுவதற்கு முன் புட்டியில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்புறம் அம்மாவிடம் காட்டினாள், என்னிடம் காட்டினாள். மூன்று பேரும் பார்த்த பிறகுதான் விட்டாள்.

சின்னவன் அவளுக்காகக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். எனக்காக இன்னும் வருவதில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பரிசோதனை. அவன் அம்மா உள்ளே கூட்டிப் போனாள். "நான் வெளியவே இருக்கேன்" என்றாள் பெரியவள். அவளோடு நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. சுவரில் வேறு படம் மாட்டியிருந்தார்கள். நாங்கள் யாரும் அதுவரை பார்த்திராதது.

முதல் வரி. "பந்து."

இரண்டாவது வரி. நேரமாயிற்று. "மரம்… அது… நாற்காலி."

மூன்றாவது வரி. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவன் குரல் கேட்டது: "ஏதோ இருக்கு. என்னன்னு தெரியல."

"சரிடா கண்ணு, போதும்" என்றார் டாக்டரம்மா. எழுதுகிற சத்தம். இனி பெரிதாக மாறாது, இதைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்று மனைவியிடம் சொல்வது கேட்டது.

இரண்டு வரி.

பெரியவள் கதவிடுக்கு வழியாகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் சாய்ந்து, என் காதில் மட்டும், "கரடி, சைக்கிள், சீப்பு" என்றாள். சொல்லிவிட்டு, "அவனுக்குக் கேட்டிருக்காதுல்லப்பா?" என்றாள்.

"கேக்கலம்மா" என்றேன்.